சக்கரம் நுழைகிற வாசல்

முதல் வீட்டுக்குள் அவரால் நுழையவே முடியவில்லை.

திருப்பத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு தெரு. பெயின்ட் வாசனை போகாத புது வீடு. வெள்ளிக்கிழமை காலை என்பதால் வாசற்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். நானும் புரோக்கர் மாதவனும் என் கணவரின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனோம். படி ஒரு சாண் உயரம் இருக்கும். முன்சக்கரங்கள் அதில் முட்டியதும் அவர் அப்படியே முன்னால் சரிந்தார். சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

ஆள் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம் என்றார் மாதவன். அதற்குள் வீட்டுக்கார அம்மாள் வந்துவிட்டார்.

"நெலப்படி மேல சக்கரத்த ஏத்தாதீங்கம்மா. வெள்ளிக்கெழம."

குரலில் கடுமை இல்லை, சங்கடம்தான் இருந்தது. என் கணவரைத் தெருவில் ஒரு ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நிழலாகப் பார்த்து நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். கிரானைட் மேடை போட்ட சமையலறை, பூஜை அறை, தேக்குக் கதவு எல்லாம் காட்டினார்கள். எந்த அறையில் எந்தச் சாமான் வைக்கலாம் என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் தலையாட்டிக்கொண்டே நடந்தேன்.

வெளியே வந்தபோது நிழல் நகர்ந்து போயிருந்தது. அவர் முழு வெயிலில் இருந்தார். நாற்காலியை நகர்த்திக்கொள்ள அவருக்கு ஒரு கை போதாது. இடது கையைக் கண்ணுக்கு மேல் குடைபோல் வைத்துக்கொண்டு, நான் வரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல வீடுதான் என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தேன். பொய்யில்லை.

அப்பா குடித்துப் பார்த்த தண்ணீர்

எனக்குச் சொந்த ஊர் கணியம்பாடிப் பக்கம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா ஒரு பழைய வீடு வாங்கினார். வீடு பார்க்கப் போனவர் சுவரையோ கூரையையோ பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் சேந்திக் குடித்தார். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, கண்ணை மூடி, பிறகுதான் விழுங்கினார்.

அடுத்து, அடுப்பு மூட்டும் நேரத்தில் போய்த் தெருமுனையில் நின்றார். பக்கத்து வீடுகளில் சண்டைச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கத்தான். இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டு மூன்றாம் நாள் முன்பணம் கொடுத்தார்.

அம்மாவுக்கு ஒரே ஆசை. சமையலறைக்குப் பின்வாசல் இருக்க வேண்டும். வேலை முடிந்தால், வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆம்பளைகளைத் தாண்டாமல் அப்படி வெளியே போய்ச் சிறிது நேரம் உட்கார வேண்டும். அப்பா வாங்கிய வீட்டில் பின்வாசல் இல்லை. அம்மாவை யாரும் கேட்கவும் இல்லை. இதை அம்மா என்னிடம் சொன்னதே அப்பா போன பிறகுதான்.

கேட்டிருந்தால் ஒரு சுவரை இடிப்பது பெரிய காரியமா என்று அன்று அப்பாமீது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தைப் பார்த்த வாசல்

ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் உண்டு உறைவிடப் பள்ளியில் எனக்கு முதல் வேலை. தன் தம்பி பொன்னனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கையைப் பிடித்து அழைத்து வந்தவர்தான் சின்னாண்டி. சாமையும் ராகியும் விதைக்கிற குடும்பம், நாலைந்து புளியமரம். எங்கள் கல்யாணத்துக்கு என் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. மலைக்காரனையா கட்டிக்கப் போகிறாய் என்று அப்பா கேட்டார். பிறகு பல வருஷம் எதையுமே கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டார். பின்னாலும் அப்படியேதான். மகள் தேன்மொழி பிறந்து, பேசப் பழகியபோது அவளும் என்னை டீச்சர் என்று கூப்பிட, அவரை வைத்து ஊரே சிரித்தது. மகளைத் திருத்தினேன். அவரைத் திருத்தவில்லை.

எங்களுக்கென்று வீடு கட்டத் தொடங்கியபோது அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். வாசல் எந்தப் பக்கம் வேண்டும்? பள்ளிக்கூடம் தெரிகிற பக்கம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தேன். அது தெற்குத் திசை. ஆகாது என்று சித்தப்பா பெரியப்பாவெல்லாம் வந்து சொன்னார்கள். அவர் கயிறு பிடித்து, தெற்கே பார்த்து முளைக்குச்சி அடித்தார்.

"டீச்சருக்குப் பள்ளிக்கோடம் தெரியணும்" என்றார். அவ்வளவுதான்.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வாசலில் நின்று மணி அடிப்பதைக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது அங்கிருந்தே தெரியும்.

மிச்சமிருந்த சொல்

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம், சாமைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவர் கொல்லையிலேயே சரிந்தார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பொன்னன் வண்டி தேடி ஓடினான். வண்டி வந்து, கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, கீழே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. வழியெல்லாம் அவர் தலை என் மடியில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் கடைவாயில் எச்சில் ஒழுகியது. முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தேன்.

இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். குற்றம் சொல்வதுபோல் சொல்லவில்லை. ஆனாலும் தேன்மொழி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் வேலூரில் ஒரு லேபில் வேலை செய்கிறாள்.

"இன்னொரு வாட்டி வந்தா மலையிலேர்ந்து எறக்குறதுக்குள்ள அப்பா போய்டுவாரும்மா. கீழ வூடு பாரு" என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

உயிர் பிழைத்தார். பேச்சுதான் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மிச்சம். தண்ணீர் வேண்டுமென்றாலும் டீச்சர், கால் வலித்தாலும் டீச்சர், ஆமாம், இல்லை எல்லாமே டீச்சர். குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து நான் கண்டுபிடித்துவிடுவேன். அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன், நானும் நம்பினேன்.

கரீம் பாய் காட்டிய வீடு

வீடு தேடுகிறவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று அந்த மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டேன். கிழக்கு வாசலா, குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா, பள்ளிக்கூட வேன் வாசலுக்கு வருமா. நாங்கள் போகும் வீடுகளில் எங்களுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு குடும்பம் இந்தக் கேள்விகளோடு வந்திருக்கும். நான் மட்டும் கைப்பையில் தையல் டேப் வைத்திருந்தேன். கதவின் அகலத்தை அளப்பேன். கக்கூஸ் கதவை முதலில் அளப்பேன்.

இரண்டாவது வீட்டுக்குள் சக்கரம் நுழைந்தது. கக்கூசுக்குள் நுழையவில்லை.

மூன்றாவது கரீம் பாயின் வீடு. வெகுநாளாக விலைபோகாமல் கிடக்கிறது என்று மாதவன் சொன்னார். போய்ப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. வீட்டில் ஒரு கதவுக்கும் படி கிடையாது. வாசற்படியைக்கூட வெட்டி எடுத்து, சிமெண்டால் சரிவாகப் பூசியிருந்தார்கள். நிலைப்படி இல்லாத வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று பார்க்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

கரீம் பாய் தையல்காரர், வயது எழுபதை நெருங்கியிருக்கும். அவருடைய மனைவி ஏழு வருஷம் நடக்க முடியாமல் இருந்து அந்த வீட்டில்தான் இறந்தார். இனி தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் ஆம்பூருக்குக் கூப்பிடுகிறான்.

சக்கர நாற்காலி தடையில்லாமல் வாசலைத் தாண்டி உள்ளே போனது. வழவழவென்று போய்க் கூடத்தின் நடுவில் நின்றது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

மற்ற வீடுகளில் முதலில் சமையலறையைக் காட்டுவார்கள். கரீம் பாய் குளியலறையைக் காட்டினார். சுவரில் இரண்டு பக்கமும் எவர்சில்வர் குழாயில் கைப்பிடி. அதை ஆட்டிக் காட்டினார்.

"நானே நின்னு போட்டதும்மா. எவ்ளோ வெயிட்டு தொங்குனாலும் ஆடாது. அவ கை வழுக்கும்னு துணிகூடச் சுத்தி வச்சிருந்தேன். இப்பதான் அவுத்தேன்."

கூடத்துக்குத் திரும்பியதும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, என் கணவரின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். வீடு பார்த்த இத்தனை நாளில் அவரோடு பேசிய முதல் ஆள் கரீம் பாய்தான். மற்றவர்கள் அவரைப் பற்றி என்னிடம் பேசினார்கள்.

"இன்னா சார், வூடு ஒங்களுக்குப் புடிச்சிருக்குதா?"

அவர் சன்னல் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர்" என்றார்.

"புடிச்சிருக்காம் பாய்" என்றேன் நான்.

மாதவன் சிரித்தார். மாடியில் ஏறினால் ஜவ்வாது மலை முழுக்கத் தெரியும் என்றார். ஏறினால் என்று அவர் சொன்னது அன்றைக்கு என் காதில் விழவில்லை.

படம் பார்த்துப் படித்த பாடம்

குடிவந்தோம். ஐந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. ரேகா என்கிற பிசியோதெரபி பெண் வாரம் மூன்று நாள் வீட்டுக்கே வந்தாள். கைப்பிடியைப் பிடித்து அவர் அரை நிமிஷம் தானாக நின்றார். தேன்மொழிக்கு நிம்மதி. எனக்கும்தான்.

இரண்டு மாதம் போல ஆன பிறகு, ஒருநாள் படுக்கை விரிப்பை மாற்றும்போது அவர் கட்டிலில் நான் சும்மா சாய்ந்தேன். சன்னல் வழியே தெரிந்தது பக்கத்து வீட்டின் மதில். பச்சை பெயின்ட் அடித்த மதில், அதன்மேல் பதித்த கண்ணாடிச் சில்லு, அதற்குமேல் கையகலம் வானம். வேறு ஒன்றும் இல்லை. இரண்டு மாதமாக அவர் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கதவையெல்லாம் டேப் வைத்து அளந்த நான் ஒருமுறைகூட அங்கே படுத்துப் பார்க்கவில்லை.

கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினேன். அங்கிருந்து தெரு தெரிந்தது.

பேச்சுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அது எனக்குத் தெரிந்த வேலை. ஒன்றாம் வகுப்புப் பட அட்டைகளை வாங்கி வந்து தினமும் காலையில் அவர்முன் பிடித்தேன். மரம், மாடு, பானை, வீடு. வாய் கோணும், வியர்க்கும், கடைசியில் டீச்சர் என்பார். மாதக்கணக்கில் இப்படியே போனது. ஒருநாள் ஓட்டு வீட்டுப் படத்தைக் காட்டியபோது வாயைக் குவித்து, நெற்றி நரம்பு புடைக்க, "வூடு" என்றார்.

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அம்மாள் ஓடி வந்தார். தேன்மொழிக்குப் போன் போட்டு, போனை அவர் வாயருகே பிடித்தேன். மகளுக்காக இன்னும் இரண்டு தடவை சொன்னார்.

அந்த வாரக் கடைசியில், சாயங்காலம் நாலு மணி இருக்கும், காப்பி கலந்துகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து தெளிவாகக் கேட்டது.

"வூட்டுக்குப் போலாம், டீச்சர்."

முழு வாக்கியம். ஓடிப்போய் அவர் தலையைக் கட்டிக்கொண்டேன். இதுதான் நம்ம வூடு என்று சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் நாலு மணிக்கு அதே வாக்கியம். அதற்கு மறுநாளும்.

ஒரு மாதம் கழித்து, நாலு மணி நெருங்கினாலே நான் சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்ட ஆரம்பித்தேன்.

கரீம் பாய் வீட்டில் அவர் என்ன சொன்னார் என்று அப்போதுதான் யோசித்தேன். அவரைக் கேட்டார்கள். அவர் ஒரு சொல் சொன்னார். அதற்கு நான் எனக்கு வேண்டிய அர்த்தத்தைச் சொல்லிவிட்டேன். அதற்கு முன், மலையை விட்டு இறங்கலாமா என்று நான் அவரைக் கேட்டதே கிடையாது.

மேலே ஒரு நாள்

மாசி மாதம். மலையில் புளி உலுக்குகிற காலம். டாக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு கார் பேசி அவரை மேலே அழைத்துப் போனேன். அங்கேயே இருந்துவிட வேண்டும் என்று அவர் காட்டினால் இருந்துவிடுவது என்று மனசுக்குள் தீர்மானம் செய்திருந்தேன். தேன்மொழியிடம் சொல்லவில்லை. மாத்திரைகளை ஒரு மாதத்துக்கு எடுத்து வைத்திருந்தேன்.

வீட்டுக்கு ஆறு கல்படி. பொன்னனும் இன்னும் மூன்று பேரும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தார்கள். முற்றமெங்கும் புளி காய்ந்தது. பெண்கள் உட்கார்ந்து ஓடு தட்டிக்கொண்டிருந்தார்கள். பொன்னன் ஒரு பழத்தை உடைத்து அண்ணன் கையில் வைத்தான். அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தார். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் ஊட்டினேன். கீழே சாப்பிடுவதைவிட இரண்டு பங்கு சாப்பிட்டார். பார்க்க வந்தவர்களிடம் இடது கையை நீட்டி நீட்டிச் சிரித்தார்.

பொன்னனிடம் தனியாகச் சொன்னேன். இங்கேயே இருக்கப் போகிறோம் என்று. அவன் முகம் மலர்ந்துவிட்டது. கக்கூசுக்கு இடம் பார்க்கிறேன் அண்ணி என்று பின்பக்கம் போனான்.

பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. நான் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வாசலில் நின்றிருந்தேன். அவர் என் முந்தானையை இழுத்தார்.

"வூட்டுக்குப் போலாம், டீச்சர்."

திரும்பி வந்த பொன்னன் அதைக் கேட்டுவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தான்.

"அண்ணா, இதாண்ணா நம்ம வூடு. நீ கட்டுனது. பாரு, நீ வெச்ச வாசலு."

அவர் அவனுக்கும் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, கெஞ்சுவதுபோல், மறுபடி அதையே சொன்னார்.

பொன்னன் எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்விட்டான். அவன் அழுவது எனக்குக் கேட்டது. இருட்டுவதற்கு முன் மலையிறங்கினோம். கீழே வீட்டுக்குள் நுழைந்ததும் இங்கே வந்துவிட்டோம் என்று சொன்னேன். என்னை ஏமாற்றாதே என்பதுபோல் பார்த்தார்.

தெருவைச் சுற்றி

நடந்ததை ரேகாவிடம் சொன்னேன். அவள் அவர் கால்விரல்களை நீவிக்கொண்டே சொன்னாள்.

"என் தாத்தா ஒருத்தரும் இப்டித்தான் கேப்பாரு ஆன்ட்டி. ஒடம்பு நல்லா இருந்தப்ப இருந்த வூட்டக் கேக்குறாரோ இன்னாவோ. இல்லன்னு சொல்லாதீங்க. போலாம்னு சொல்லுங்க."

அன்று நாலு மணிக்கு அவர் கேட்டதும், "போலாங்க, வாங்க" என்றேன். சட்டை மாற்றி, தலை சீவிவிட்டு, நாற்காலியைத் தெருவில் இறக்கினேன். இஸ்திரி வண்டியைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, வாட்டர் டேங்க் வரைக்கும் போய், பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே தள்ளினேன். சாமை நன்றாக வந்திருக்கிறது, பொன்னன் மகளுக்குப் பரீட்சை, தேன்மொழி ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். வாசலுக்கு வந்ததும், "வூடு வந்துடுச்சுங்க" என்றேன்.

"ம்" என்றார். முகம் தெளிந்திருந்தது.

எந்த வீடு வந்ததாக அவர் நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். ஒரு வருஷத்துக்கு மேல், மழை நாள் தவிர தினமும் இப்படிப் போய் வந்தோம். மழை நாளில் கூடத்துக்குள்ளேயே நாலு சுற்று.

ஐப்பசியில் அவருக்கு மறுபடி வந்தது. இந்தத் தடவை ஐந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்படியும் டாக்டர், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருங்கள் என்றுதான் சொன்னார். நாற்காலியில் உட்காரவைக்க முடியவில்லை. கஞ்சித் தண்ணீர் மட்டும் இறங்கியது. அவர் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள் நாலு மணிக்கு, வழக்கமாகக் கிளம்பும் நேரம், பழக்கத்தில் அவர் சட்டையைக் கையில் எடுத்துவிட்டேன். அவர் காதருகே குனிந்து நானே கேட்டேன்.

"வூட்டுக்குப் போலாங்களா?"

கண்ணைத் திறந்தார். என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. இடது கை மெதுவாக நகர்ந்து வந்து என் மணிக்கட்டின்மேல் விழுந்தது.

"இரு" என்றார். இந்தச் சொல்லை நான் எந்த அட்டையிலும் காட்டியதில்லை.

உட்கார்ந்தேன். அந்தக் கையை எடுக்காமல் விளக்கு வைக்கும் நேரம் வரை அப்படியே இருந்தேன். தேன்மொழி வந்து விளக்குப் போட்டாள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மறுநாள் காலை, நான் வாய் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோதே போனார்.

மலையில் எங்கள் கொல்லையிலேயே குழி வெட்டச் சொல்லிவிட்டு, பொன்னன் வண்டி எடுத்து வந்தான். பெண்கள் காரில் பின்னால் வரட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. வண்டியில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, வளைவுகளில் ஆடாமல் அவர் தலையைப் பிடித்துக்கொண்டே மேலே போனேன்.